ஒப்பரேட்டர் பதில்கள்: உளவாளி மேடை ஏறலாமா?

போன இதழில் ஒரு வாசகருக்கு ஒற்றை வரியில் பதில் எழுதியிருந்தேன்: “சரித்திர உளவுப் படத்தில் இந்தக் காலத்து அரசியல் பேசத் தொடங்கினால் எனக்கு நித்திரை வரும்.” அவ்வளவுதான். ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. சிலர் கை தட்டுகிறார்கள், சிலர் கிழவனுக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்கிறார்கள். ஆகவே இந்த முறை நடிகைகளின் வயது, யாருக்கு யாரோடு கல்யாணம் போன்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு படத்தால் சண்டை. 1943இல் பாரிஸில் நடக்கிற கதை. நாயகி பிரிட்டிஷ்காரருக்காக உளவு பார்க்கிறவள். பிடிபட்டதும் ஜேர்மன் அதிகாரிக்கு முன்னால் நிறவெறி, சாம்ராச்சியம், பெண்ணுரிமை என்று நாலு நிமிடம் பேசுகிறாள். “இது போன வருசம் எழுதின வசனம்” என்று மகன் எழும்பிப் போய்விட்டான். “அந்தக் காலத்துப் பெண்களுக்கு இதெல்லாம் தெரியாதோ?” என்று மகள் அழாக்குறை. யார் பக்கம் நியாயம்?
— ம. சி., உவர்மலை

அக்கா, பிள்ளைகள் இரண்டு பேரும் சரி. படம் எடுத்தவர்தான் பிழை.

முதலில் மகள். நூர் இனாயத் கான் என்று ஒரு பெண் இருந்தார். திப்பு சுல்தான் வழி வந்த குடும்பம். தகப்பன் சூஃபி ஞானி, தாய் அமெரிக்கர். பாரிஸில் வளர்ந்து, சிறுவர் கதைகள் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. 1943 ஜூனில் பிரிட்டன் அவரை வானொலிக் கருவியோடு பிரான்சுக்குள் இறக்கியது. அங்கே வானொலி இயக்குகிறவரின் ஆயுள் ஆறு கிழமை என்றுதான் அனுப்பியவர்களே கணக்குப் போட்டிருந்தார்கள். நூர் ஒக்டோபர் வரை தாக்குப்பிடித்தார். 1944 செப்டெம்பர் 13ஆம் திகதி டாஹாவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். இந்தப் பெண் பிரிட்டிஷ் படையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, போர் முடிந்தபின் இந்திய விடுதலைக்கே ஆதரவு கொடுப்பேன் என்று அதிகாரிகளின் முகத்துக்கு நேரே சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஆகவே அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அரசியல் தெரியாது என்று யாராவது சொன்னால் மகளை விட்டுக் கதைக்கச் சொல்லுங்கள்.

இனி மகன். அதே நூர் பிடிபட்ட பிறகு என்ன பேசினார்? பாரிஸில் அவரை விசாரித்த ஜேர்மன் உளவுப் பிரிவின் தலைவனே போருக்குப் பிறகு சாட்சி சொன்னான்: அவரிடமிருந்து ஒரு தகவலும் கிடைக்கவில்லை, எப்போதும் பொய்யே சொன்னார் என்று. நாலு நிமிடப் பிரசங்கம் எங்கே, இது எங்கே! வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் ஒற்றனுக்கு மூன்று தகுதி சொல்லுகிறார். சந்தேகப்பட முடியாத தோற்றம், முறைத்துப் பார்த்தால் அஞ்சாத மனம், மூன்றாவது “உகாஅமை”. மனதில் இருப்பதை உகுத்துவிடாமை, சிந்திவிடாமை. வாய் ஒழுகுகிறவனை வள்ளுவர் வேலைக்கே எடுக்கமாட்டார்.

வேறு படமென்றால் இவ்வளவு கோபம் வராது. வழக்கறிஞர் படத்தில் பேசலாம், அரசியல்வாதி படத்தில் பேசாமல் விட்டால்தான் குற்றம். உளவாளி பேசினால் அரசியலும் கெடுகிறது, உளவும் கெடுகிறது. நேர்முகத் தேர்வு அறையில் சொன்ன அந்த இரண்டு வரியைப் படத்தில் வைத்திருந்தால் உங்கள் மகன் எழும்பியிருக்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நீங்கள் படம் ஓட்டிய காலத்தில் சனம் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது? அப்போது கருத்துச் சொல்லக் கைபேசி இல்லையே.
— க. தே., தம்பலகாமம்

கைபேசி இல்லை, கதவுச்சீலை இருந்தது.

நான் இருபத்தொரு வருடம் இந்தத் திருகோணமலையில் ஒரு படமாளிகையில் ஒப்பரேட்டர். அந்தக் காலத்து மெசின் கார்பன் குச்சியில் எரிகிறது. குச்சி எரிய எரிய இடைவெளியைத் திருகிச் சரிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் திரையில் வெளிச்சம் கெட்டுவிடும். அதனால் நான் படம் பார்த்தது குறைவு. சின்ன ஓட்டை வழியாகச் சனத்தைப் பார்த்ததுதான் கூட. கலரியின் பக்கக் கதவில் ஒரு கறுப்புச் சீலை தொங்கும். யாராவது பீடி பற்றவோ கடலை வாங்கவோ வெளியே போனால் சீலை விலகி, திரையின் இடது ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு விழும். ஒரு கோடு விழுந்தால் ஒருவருக்கு அலுப்பு. கோடு விழுந்தபடியே நின்றால் காட்சி செத்துவிட்டது. பாட்டுக்குப் போவார்கள், அழுகைக்கு மாட்டார்கள். பிரசங்கத்துக்கு? அது யார் செய்கிறார் என்பதைப் பொறுத்தது. தங்களுக்குப் பிடித்த நடிகர் என்றால் விசில், மற்றவர் என்றால் கோடு. கருத்துச் சரியோ பிழையோ என்று பார்த்து எழும்பினவரை நான் கண்டது அபூர்வம்.

ஆனால் ஒரு இரவு மறக்காது. எழுபதுகளில் “அந்த நாள்” பழைய பிரதி ஒன்று ஓடியது. 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ஏவிஎம் படம், பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். தெரியாதவர்களுக்குக் கதை: 1943 ஒக்டோபர் 11ஆம் திகதி ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டி, ஒரு வானொலிப் பொறியியலாளன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சிவாஜிதான் அந்தப் பிணம். யார் சுட்டது என்று தேடிப் போனால், அவன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன், சுட்டது அவன் மனைவி. (எழுபது வருடம் கழித்துக் கதையைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம்.)

குண்டுவீச்சுப் பேச்சு வந்ததும் கலரியிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: “எங்களுக்கும் போட்டவங்கள்தானேடா!” கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஆனால் வயதானவர்கள் சிரிக்கவில்லை. ஜப்பான் எங்கள் ஊரில் குண்டு போட்ட 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையை அவர்கள் கண்டவர்கள். என் அப்பு டொக்யாட்டில் வேலை. அன்றைக்கு ஒற்றைச் செருப்போடு ஓடினவர். மற்றச் செருப்பைப் பற்றித்தான் சாகுமட்டும் கதைத்தார், குண்டைப் பற்றி அல்ல.

படம் முடிந்து நான் சுருளைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருவர் படியேறி வந்தார். மலாயன் பென்சனியர், அதாவது மலாயாவில் வேலை செய்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். வெள்ளை லோங்ஸ், கையில் குடை. “தம்பி, ஜப்பான்காரனோடு சேர்ந்தவன் எல்லாரும் துரோகியோ?” என்று கேட்டார். சிங்கப்பூரில் சுபாஸ் சந்திரபோஸ் பேசியதை நேரில் நின்று கேட்டவராம். மனைவியின் காப்பைக் கழற்றி, போஸின் இந்திய தேசியப் படைநிதிக்குக் கொடுத்தாராம். நான் என்ன சொல்லுவது? “ஐயா, நான் ஓட்டுகிறவன் மட்டும்தான்” என்றேன். அவர் குடையால் படியைத் தட்டித் தட்டி இறங்கிப் போனார். அவரும் டிக்கட் எடுத்த பார்வையாளர்தான். அவருடைய கருத்தைப் பதியத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

கேள்வி: பழைய உளவுப் படங்களில் கதை மட்டும் இருந்தது. இப்போதுதான் அரசியலைத் திணிக்கிறார்கள். ஒத்துக்கொள்வீர்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நிலாவெளி

மாட்டேன், சேர்.

ஹிட்ச்கொக் 1940இல் “ஃபொரின் கொரஸ்பொண்டென்ட்” என்று ஒரு உளவுப் படம் எடுத்தார். கடைசிக் காட்சியில் இலண்டனில் குண்டு விழுகிறது, விளக்கு அணைகிறது. நாயகன் ஒலிவாங்கியைப் பிடித்து, உங்கள் விளக்குகளை எரியவிடுங்கள் என்று அமெரிக்காவை நோக்கிப் பேசுகிறான். அப்போது அமெரிக்கா போரில் இறங்கவில்லை. இறங்கச் சொல்லித்தான் அந்தப் பேச்சு. இதைவிடப் பச்சையான அரசியல் செய்தி வேறென்ன? இன்றைக்குப் பார்க்கிறவனுக்கு அது பழைய காலத்தின் வாசனையாகத் தெரிகிறது. அன்றைக்கு அது காலைப் பத்திரிகை.

“அந்த நாள்” படத்தையே எடுங்கள். 1943இல் சென்னையை ஆண்டது வெள்ளைக்காரன். 1954இல் எடுத்தவர்கள் ஏழு வயதுச் சுதந்திர நாட்டின் கண்ணால் அந்த வருடத்தைப் பார்த்து, நாட்டுக்குத் துரோகம் செய்தவன் கணவனானாலும் விடக்கூடாது என்றார்கள். பென்சனியர் படியேறி வந்தது அதனால்தான். அதே 1943இல், குண்டு விழுவதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டெம்பர் 10ஆம் திகதி, அதே சென்னைச் சிறையில் நாலு பேரைத் தூக்கிலிட்டார்கள்: வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங். இந்திய விடுதலைக்காகப் பினாங்கில் உளவுப் பயிற்சி பெற்று ஜப்பானின் உதவியோடு இந்தியாவுக்கு வந்தவர்கள். காதர் ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து மலபார்க் கரையில் இறங்கியவர். அவர்களை இன்று தியாகிகள் என்கிறோம். ஒரே ஊர், ஒரே வருடம், ஒரே ஜப்பான். ஒருவனைப் படத்தில் மனைவி சுடுகிறாள், நாலு பேருக்கு மாலை போடுகிறோம்.

இதில் எது “கதை மட்டும்”? நமக்குப் பழகிய அரசியலைக் கதை என்கிறோம் சேர், பழகாததைத் திணிப்பு என்கிறோம். நானும் அப்படித்தான். போன மாதம் நித்திரை என்று எழுதினவன் நானல்லவா.

கேள்வி: பேச்சே இல்லாமல் அரசியல் செய்தி வைக்க முடியுமா?
— ஜெ. அ., பாலையூற்று

முடியும், அதுதான் பயங்கரம். 2000ஆம் ஆண்டில் “யூ-571” என்று ஒரு ஹொலிவூட் படம். ஜேர்மன் நீர்மூழ்கிக்குள் புகுந்து எனிக்மா இரகசிய எழுத்துக் கருவியை அமெரிக்க மாலுமிகள் கைப்பற்றுகிறார்கள். படத்தில் கொள்கைப் பிரசங்கம் ஒன்றுமில்லை, நல்ல விறுவிறுப்பு, நானே இரண்டு தரம் பார்த்தேன். உண்மையில் யூ-110 நீர்மூழ்கியிலிருந்து அதை எடுத்தவர்கள் பிரிட்டனின் புல்டொக் கப்பல்காரர். 1941 மே மாதம். அமெரிக்கா போருக்கு வந்ததே அந்த டிசெம்பரில். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தக் கேள்வி எழும்பி, இது அந்த மாலுமிகளுக்கு அவமதிப்பு என்று பிரதமர் டொனி பிளேயரே ஒத்துக்கொண்டார்.

உவர்மலைத் தம்பிக்கும் இது கேட்கட்டும். நாலு நிமிடப் பேச்சு வந்தால் எழும்பிப் போகலாம், சத்தம் போடலாம். யார் செய்த வேலை என்பதைச் சத்தமில்லாமல் மாற்றினால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். நான் எழும்பவில்லையே. கதவுச்சீலை அசையாத செய்திதான் உள்ளே போய் உட்காருகிறது.

கேள்வி: இந்த உளவுப் படங்களில் வில்லன் ஏன் எப்போதும் எங்களைப் போலவே இருக்கிறான்?
— ஒரு வாப்பா, கிண்ணியா

காக்கா, இந்தக் கேள்விக்கு நீங்களும் நானும் ஒரே வாங்கில்தான் இருக்கிறோம். 2013இல் ஓர் இந்தி உளவுப் படம் எங்கள் நாட்டுப் போரை வைத்து வந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பித் திரையரங்குகள் அதைப் போடவில்லை. நான் பிறகு வீட்டில் பார்த்தேன். கருத்தை விடுங்கள். எங்கள் பேச்சைக் கேட்டதும் என் மனைவி கேட்டா, “இவங்கள் எந்த ஊர்?” என்று. எந்த ஊரும் இல்லை. மட்டக்களப்பும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை, எங்கள் கொட்டியாபுரமும் இல்லை. ஓர் ஊரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காதவர் அந்த ஊரின் அரசியலைக் கேட்டிருப்பார் என்று நம்புவது எப்படி? ஒருவர் படத்தில் எங்களை மதிக்கிறாரா என்று அறிய நான் வசனத்தின் கருத்தைப் பார்ப்பதில்லை. “வாங்கோ” என்று சொல்லுகிற விதத்தைப் பார்ப்பேன்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். எங்கள் ஊரை வைத்து உண்மையான உளவுப் படம் எடுக்க முடியுமா? இங்கே அப்படி என்ன நடந்தது?
— மாணவி, மூதூர்

மகள், கேட்டாயே ஒரு கேள்வி! இந்தத் துறைமுகத்திலிருந்து பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் மலாக்கா நீரிணைப் பக்கம் போய்வந்தன. ‘டலிஹோ’ என்ற நீர்மூழ்கி 1944 ஜனவரியில் பினாங்குக்கு அருகே ‘குமா’ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. கண்டியில் அமெரிக்க உளவு நிறுவனத்தின் அலுவலகத்தில் ஜூலியா என்ற நெட்டைப் பெண் இரகசியக் கோப்புகளைப் பதிந்து அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னாளில் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுத்து உலகப் புகழ் பெற்ற ஜூலியா சைல்ட் அவர்தான். உளவில் பெரும்பகுதி வேலை கோப்பு அடுக்குவது. அதைப் படமாக எடுத்தால் கதவுச்சீலை மூடவே மாட்டாது.

நான் எடுப்பதென்றால் லெனார்ட் பேர்ச்சலை எடுப்பேன். கனடாக்காரர், கட்டலீனா விமானி. உளவாளி என்று சொல்ல முடியாது, வேவு விமானம். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து கிளம்பிப் போனவர், இலங்கைக்குத் தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு விழுத்தினார்கள். மீதிப் போர் முழுக்கக் கைதியாக இருந்தார். அடுத்த நாள் கொழும்பில் குண்டு விழுந்தது, 9ஆம் திகதி எங்களுக்கு. கடைசி நிமிடத்தில் அவர் அனுப்பியது என்ன? எதிரி எங்கே, எந்தத் திசையில் போகிறான், அந்த வகை விவரம். இந்தக் காலத்து வசனகர்த்தா கையில் கொடுத்தால் அந்த விமானி சுதந்திரம் பற்றி ஒரு பந்தி பேசியிருப்பார், கொழும்பு இன்னும் தெரியாமல் இருந்திருக்கும்.

அப்புறம் சீனக்குடா. எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருப்பாய். அதில் ஒன்றின் மேல் ஏப்ரல் 9ஆம் திகதி ஒரு ஜப்பானிய விமானம் விழுந்தது. நான் முதலில் பார்த்தது பதினொரு வயதில், அப்புவோடு. காட்டுக்குள் ஒரு வட்டம். இரும்புத் தகடு மெழுகு உருகினதுபோல உள்ளே மடிந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், துரு விரலில் சந்தனம்போல ஒட்டியது. “அடிபட்டு விழுந்தவன்” என்றார் அப்பு. பக்கத்தில் நின்றவர், “இல்லை, தெரிந்துகொண்டே பாய்ந்தவன்” என்றார். இரண்டு கதையும் அப்போதே இருந்தது.

இப்போது வெளியூர்க்காரரைக் கூட்டிக்கொண்டு போகிற ஓட்டோத் தம்பிமார் எல்லாரும் ஒரே சொல்லில் முடிக்கிறார்கள்: “கமிகாசே!” கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் தற்கொலைத் தாக்குதலுக்கென்றே ஜப்பான் கமிகாசேப் படையணி அமைத்தது 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்சில். எங்கள் விமானி செத்து இரண்டரை வருடம் கழித்து. பிறகு பிறந்த சொல்லைக் கொண்டுபோய் முன்னால் செத்தவன் வாயில் வைக்கிறோம். ஹொலிவூட்டைத் திட்டுகிற நாங்கள் சீனக்குடாவில் தினமும் செய்கிற வேலை இது. நானும் விருந்தாளிகளுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன், சும்மா சொல்லக்கூடாது.

நீ படம் எடுத்தால் அப்புவையும் பக்கத்து ஆளையும் அந்தத் தாங்கியருகே நிறுத்திவை. இரண்டு பேரும் சொல்லட்டும்.

கேள்வி: இப்படியான படங்களைத் தணிக்கை செய்தால் என்ன?
— வாசகர், அன்புவழிபுரம்

வெட்டின துண்டுகளைக் கையில் வைத்திருந்தவன் நான். வெட்டின இடத்தில்தான் சனம் கூடக் கத்தும். வேண்டாம்.

கேள்வி: தமிழில் பேசித் தப்பின உளவாளி யாராவது உண்டா?
— பு. நா., சாம்பல்தீவு

புறநானூற்றில் இளந்தத்தன் என்று ஒரு புலவர். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குப் போனவரை ஒற்றன் என்று நினைத்து நெடுங்கிள்ளி கொல்லப் பார்த்தான். கோவூர்கிழார் என்ற இன்னொரு புலவர் ஒரு பாட்டுப் பாடி உயிரைக் காப்பாற்றினார். ஆனால் கவனியுங்கள், பேசினது மற்றவர். காப்பாற்றப்பட்டவர் ஒற்றரும் இல்லை.

கேள்வி: எல்லாவற்றையும் குறை சொல்கிறீர்கள். அப்படியென்றால் செய்தியை எப்படித்தான் வைப்பது?
— உவர்மலை அக்காவின் மகள் (அம்மாவின் கடித உறைக்குள்ளேயே இரண்டாவது தாளாக வந்தது)

தங்கச்சி, ஜோசஃபின் பேக்கர் என்று தேடிப் பார். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பாடகி, பாரிஸ் மேடையின் ராணி. போர்க்காலத்தில் பிரெஞ்சு உளவுக்கு வேலை செய்தார். இரகசியத் தகவலைக் கண்ணுக்குத் தெரியாத மையில், பாட்டுச் சுரத்தாள்களின் மேல் எழுதி எல்லை கடத்தினார். காவல்காரர் கண்டது பெட்டி நிறையப் பாட்டு. உளவு தாளில் போனது, அவருடைய வாய் பாடிக்கொண்டிருந்தது. 2021இல் பிரான்ஸ் அவருக்கு, நாட்டின் பெரியோர் நினைவிடமான பந்தியோனில் இடம் கொடுத்தது.

அண்ணனைக் கோபிக்காதே. அடுத்த முறை அந்தப் படம் போடும்போது பேச்சு தொடங்குமுன் அவனைக் குசினிக்கு அனுப்பு. நாலு நிமிடத்தில் கேத்தல் கொதிக்கும். பிளேன்ரீ எத்தனை பேருக்கு என்று எட்டிப் பார்க்கிறபோது, திரையின் இடது ஓரத்தில் வெளிச்சக் கோடு விழுகிறதா என்று பார்த்து எனக்கு எழுது.